பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படிக்கவில்லையா? குளத்து மறுகாலைப் பாருங்கள்!

[காட்சி: நிறைந்த குளம், மறுகாலில் (நிறைந்த குளத்தின் மிகைநீர் வெளியேறும் வழியில்) பாயும் நீர்]

இந்தத் தண்ணீருக்குள் ஒரு கணினி நிரல் (புரோகிராம்) ஓடிக்கொண்டிருக்கிறது. வீடியோ முடிவதற்குள் அதை நீங்களே வாசித்துவிடுவீர்கள்!

பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கணினி அறிவியல் பொறியியலில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்குத்தான். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. நிரல் எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலும் முதல் பருவத்தில் பைத்தான் என்ற நிரல் மொழியை அடிப்படையிலிருந்துதான் தொடங்கினார்கள். மெக்கானிக்கல் மாணவருக்கும் அதே பாடம்.

இனி குளத்துக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இத்தனை அவசரம்!

[காட்சி: சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்]

தாமிரபரணித் தண்ணீர் கால்வாய் வழியே குளத்துக்கு வருகிறது. குளம் நிறையாதவரை உள்ளே விடு: பைத்தானில் இது 'வைல்'. நிறைந்துவிட்டால் மறுகால் பாயட்டும்: இது 'இஃப்'. கீழே அடுத்தடுத்த குளங்களுக்கும் இதையே செய்: இது 'ஃபார்'. அவ்வளவுதான், நிரலை வாசித்துவிட்டீர்கள்! மறுகால் இல்லாத குளத்தை நினைத்துப் பாருங்கள். கரை உடையும். நிரலில் நிறுத்தும் நிபந்தனையை மறந்தால் கணினி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கரையைப் போட்ட அன்றே மறுகாலையும் யோசித்தார்களே, அந்த மனிதர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கிறது? நீர் பாய்ச்சுகிறவரிடம் "குளம் பெருகினால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் போதும். கணினிக்கு அது புரியாது. எத்தனை அடி வந்தால் பெருகியதாகக் கணக்கு என்று எண்ணால் சொல்ல வேண்டும். முதல் பருவம் முழுவதும் பழகுவது இந்தத் துல்லியத்தைத்தான்.

ஆய்வகத்தில், பிளஸ் டூவிலேயே கம்ப்யூட்டர் படித்தவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அவர்களுடைய நிரலைப் பார்த்து எழுதாதீர்கள், தயவுசெய்து. பிழை வந்தால் திரையில் தெரியும் பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். என்ன பிழை என்று பைத்தான் அங்கேதான் சொல்கிறது.

உங்கள் ஊரில் ஒன்றுக்கொன்று மறுகால் பாயும் மூன்று குளங்களின் பெயரையும், தண்ணீர் போகும் விதியையும் தமிழிலேயே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அதைப் பைத்தானில் ஓட்டிக் காட்டுகிறேன்.