டி.சி. ஜன்னல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் படிப்பில் பிடிப்பு விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பேராசிரியை இல்லை, மனநலம் படித்தவளும் இல்லை. மதுரையை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியின் அலுவலகத்தில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல், மாற்றுச் சான்றிதழ் கொடுக்கிற டி.சி. ஜன்னல்தான் என் இடம். ஜூன் மாதம் அப்பா அம்மாவோடு, நெற்றியில் கோயில் குங்குமம் காயாமல் வந்து நிற்கிற பிள்ளைகளைப் பக்கத்து மேசைக்காரர் பார்ப்பார். போகிற பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் தனியாக வருவார்கள்.

டி.சி. விண்ணப்பத்தில் 'விலகக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒன்றரை அங்குலம் வரும். இத்தனை வருஷத்தில் அதில் நான் படித்தது இரண்டே பதில்: 'குடும்பச் சூழ்நிலை', இல்லையென்றால் 'சொந்தக் காரணம்'. நானும் அதைப் படித்துவிட்டு, நோ டியூஸ் தாளில் லைப்ரரி, லேப், ஹாஸ்டல், ஸ்போர்ட்ஸ் என நாலு கையெழுத்தும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் சீல். ஒரு பையனுக்குப் பத்தே நிமிஷத்தில் டி.சி. கொடுத்து அனுப்பினேன். நல்ல வேகம் என்று அன்றைக்கு எனக்கே ஒரு பெருமை. அடுத்த மாதம் அவன் திரும்ப வந்து, "மேடம், மறுபடி சேர முடியுமா?" என்று கேட்டான். சேர்க்கைத் தேதி முடிந்து, அவன் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் அந்தக் கட்டத்தை நான் நம்புவதை நிறுத்தினேன்.

ஒரு ஐப்பசி மாதம். ஹால் டிக்கெட் கொடுக்கும் சமயம். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருஷப் பையன், மேலூர்ப் பக்கம் சொந்த ஊர். ஒத்தக்கடையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். "படிக்கப் பிடிக்கலை மேடம். கிளாஸ்ல உக்காந்தா ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்றான். காரணக் கட்டத்தில் வழக்கம்போல 'சொந்தக் காரணம்'. வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். 90 வேலை நாளில் 30 நாள் இல்லை. 75 சதவீதம் வேண்டும். 65-க்கு மேலே இருந்தால் காரணம் சொல்லி, அபராதம் கட்டிப் பரீட்சை எழுதலாம். இவன் 66-இல் தொங்கிக்கொண்டிருந்தான்.

எண்ணிக்கையை விட, அந்த லீவு விழுந்திருந்த விதம்தான் கண்ணில் பட்டது. ஆடி முழுக்க ஒரு நாள்கூட லீவு இல்லை. ஆவணி பிறந்ததும் இரண்டு இரண்டு நாளாக ஓட்டை. புரட்டாசியில் மறுபடி ஒழுங்கு, ஆயுத பூஜையை ஒட்டி மட்டும் மூன்று நாள் காணோம். ஐப்பசியில் திரும்ப ஓட்டை. என் தலைக்கு மேலே நகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. அதில் முகூர்த்த நாள்களைச் சிவப்பில் வட்டம் போட்டிருப்பார்கள். பதிவேட்டை அதன் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தியது.

"தம்பி, பூ மார்க்கெட்ல வேலை பாக்குறியா?"

பையன் திடுக்கிட்டுப் போனான். மாட்டுத்தாவணியில்தான். சாதாரண நாளில் ராத்திரி மூன்று மணிக்கு, முகூர்த்த நாளென்றால் ஒரு மணிக்கே போய்விட வேண்டும். மூட்டை இறக்குவது, எடை போடுவது, வெளியூர் வண்டிக்கு மல்லியை ஐஸ் வைத்துக் கட்டுவது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லி விலை ஏறுகிற ஏற்றம் மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலியும் அன்றைக்குக் கொஞ்சம் கூடுமாம். நம் மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அந்த மல்லியை விடிவதற்குள் மூட்டை கட்டுகிற கைகளில் எத்தனை கல்லூரி அடையாள அட்டை வைத்திருக்கிற கைகள் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு மணிக்கு எழுந்தவனுக்குப் பதினோரு மணி வகுப்பில் இயற்கணிதம் எப்படி ஏறும்? அவனோ தனக்குப் படிப்பு வராது, அதில் ஆசையே போய்விட்டது என்று முடிவே கட்டியிருந்தான். வகுப்பு டியூட்டரிடம் கூட்டிப்போனேன். அபராதம் கட்டிப் பரீட்சை எழுதினான். வேலையை விடச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அவன் வீட்டுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. அடுத்த பருவத்திலிருந்து சனி, ஞாயிறும் விடுமுறை நாளும் மட்டும் என்று மண்டிக்காரரிடம் பேசிக்கொண்டான். இரண்டு அரியரோடு மூன்றாம் வருஷம் முடித்து, பிறகு அதையும் எழுதித் தேறினான்.

இதனால்தான் 'ஊக்கம் போச்சு' என்று யாராவது சொன்னால் 'எந்த மணிக்குப் போச்சு?' என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்தது. கேலிக்காக இல்லை. காலை முதல் வகுப்பிலேயே சலிப்பா, மதியம் மேலா? எல்லாப் பாடத்திலுமா, ஒரே பாடத்திலா? திங்கட்கிழமை மட்டுமா? ஹாஸ்டல் பிள்ளையா, உசிலம்பட்டியிலிருந்து தினம் பஸ் ஏறுகிற பிள்ளையா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் 'படிப்பு பிடிக்கவில்லை' என்கிற பெரிய மூட்டை அவிழ்ந்து, உள்ளேயிருந்து சின்னச் சின்ன சாமான்கள் விழும். சிலதைச் சரி செய்யலாம். சிலதை முடியாது.

ஒரு பையனுக்கு இங்கிலீஷ். தமிழ் வழியில் பிளஸ் டூ, கணக்கில் நல்ல மார்க். கல்லூரியில் 'டிஃபரென்ஷியேஷன்' என்று ஒரு மாதமாக நடத்துகிறார்கள், அவன் ஏதோ புதுப் பாடம் என்று மிரண்டு உட்கார்ந்திருக்கிறான். அது அவன் பள்ளிக்கூடத்தில் கரைத்துக் குடித்த 'வகை நுண்கணிதம்'தான்! பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கம் பக்கமாக வைத்துப் படி என்று ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தான். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டி.சி. தாளைப் பையன் திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.

எல்லாரையும் பிடித்து உட்கார வைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். போவதுதான் சரி என்று எனக்கே தோன்றிய பிள்ளைகளும் உண்டு. இயற்பியலில் சேர்ந்த ஒரு பெண். அப்பா சொன்னார், சேர்ந்தாள். தூக்கம், சாப்பாடு, பஸ், காசு எதிலும் குறையில்லை, பாடம்தான் வேண்டாம். மருத்துவ ஆய்வகப் படிப்பு படிக்க ஆசை என்று தெளிவாகச் சொன்னாள், எங்கே சேர்வது, எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் விசாரித்தும் வைத்திருந்தாள். அவளிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இந்தப் பருவத் தேர்வை எழுதிவிட்டுப் போ. எழுதினாள், மார்க் ஷீட்டும் வாங்கினாள், போனாள். போன வருஷம் சர்க்கரை பார்க்க ஒரு லேபுக்குப் போனேன். "மேடம், கையை மடக்குங்க" என்று ஊசியோடு நிற்கிறாள். குத்தினதே தெரியவில்லை.

இவ்வளவு நிதானமாகப் பேசுகிறேனே, என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் பி.இ. மூன்றாம் வருஷம். தீபாவளிக்கு மறுநாள், "அம்மா, நான் இனிமே காலேஜ் போகலை" என்றான். ஊர்ப் பிள்ளையிடமெல்லாம் எந்த மணிக்கு என்று கேட்டவள், என் பிள்ளையிடம் கேட்டது என்ன தெரியுமா? "உன் அத்தை மகன் கேம்பஸ்ல செலக்ட் ஆயிட்டான், உனக்கு என்ன கேடு?" அவன் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் கழித்து அவன் அப்பா ராத்திரி பதினோரு மணிக்குக் கொத்துப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. ஏழு அரியர். ஒவ்வொரு ரிசல்ட்டையும் எங்களிடம் மறைத்திருக்கிறான். ஏழு பேப்பரைச் சுமந்துகொண்டு எட்டாவது பேப்பருக்கு எப்படிப் படிப்பது, மொத்தமாக விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறான்.

அப்போதுதான் விதிமுறைப் புத்தகத்தை ஒரு தாயாக உட்கார்ந்து படித்தேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் நாலு வருஷப் படிப்பை முடிக்க ஏழு வருஷம் வரை அவகாசம் உண்டு. இடையில் ஒரு வருஷம் முறைப்படி அனுமதி வாங்கி நிற்கலாம். பிரேக் ஆஃப் ஸ்டடி என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதற்கும், எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருக்கும். என் மகன் அந்த ஒரு வருஷம் ஒரு செல்போன் கடையில் நின்றான், சாயங்காலம் அரியருக்குப் படித்தான். ஐந்து வருஷத்தில் பட்டம் வாங்கினான். இன்றைக்கு அந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலைதான் பார்க்கிறான். அந்த இரண்டு நாள் சாத்தியிருந்த கதவைப் பற்றி நாங்கள் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

விலகுவது என்று முடிவே ஆகிவிட்டதென்றால், காகிதத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சான்றிதழ் அசலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2018-இலேயே அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பில் கட்டணம் திருப்பித் தருவதற்கும் ஒரு கணக்கு போட்டிருந்தார்கள்: சேர்க்கையின் கடைசித் தேதி கழிந்து 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் பாதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இப்போதைய கணக்கைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதனால் முதல் வருஷப் பிள்ளைகள் யோசிப்பதைச் சீக்கிரம் யோசிக்க வேண்டும். கல்விக் கடன் வாங்கியிருந்தால் வங்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்களுக்கு நின்றால் அதுவும் நிற்கும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்தால், திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் வேறு வகை. பாடத்தில் மட்டும் இல்லாமல், கிரிக்கெட்டிலும் ஆசை இல்லை, நண்பர்களோடு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போகவும் மனசில்லை, குளிக்கவே எழ முடியவில்லை என்று வாரக்கணக்கில் கிடந்தால் அதற்கு டி.சி. மருந்தில்லை. அது டாக்டர் பார்க்க வேண்டியது. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பெற்றோருக்கும் சொல்கிறேன். அந்த மாதிரிப் பிள்ளையிடம் அத்தை மகன் பேச்சை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

போன மாதம் என் இடத்துக்கு வந்திருக்கிற பெண் போன் செய்தாள். "அக்கா, ஒரு பையன் டி.சி. கேட்டு நிக்கிறான். முகமே சரியில்லை. என்ன பண்ணட்டும்?" என்றாள். சாப்பிட்டானா என்று கேட்கச் சொன்னேன். இல்லை என்றானாம். கேண்டீனுக்கு அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தை டிராயரில் வைத்தாளாம். நேற்றுக் கேட்டேன், இன்னும் டிராயரில்தான் இருக்கிறதாம்.

நன்றி, வணக்கம்.