போஸ்டர் போட்டாச்சு, ஆள் எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாம்பன் காற்றில் நாற்காலி பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, வணக்கம்.

கல்லூரி விழாவுக்கு ஆளைக் கொண்டுவருவது சமூக வலைதளமா, நேரில் போய் அழைப்பதா என்பது தலைப்பு. நேரில் அழைப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, 2004இல் பேஸ்புக் பிறந்ததே ஹார்வர்டு மாணவர் விடுதியில்தான், அதனால் கல்லூரிக்கும் அதற்கும் தாய் பிள்ளை உறவு என்றார். கைதட்டலும் வாங்கினார். பாதிக் கதையை விட்டுவிட்டார். ஆரம்பத்தில் ஹார்வர்டு மின்னஞ்சல் முகவரி இருந்தவர்களை மட்டும்தான் அதற்குள் விட்டார்கள். இன்று கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, சரி. ஆனால் நம் கல்லூரிப் பக்கத்தைப் பின்தொடர்வது யார்? அங்கே படிக்கிற பிள்ளைகள், அவர்களைப் பாடாய்ப் படுத்தும் எங்களைப் போன்ற வாத்தியார்கள், பழைய மாணவர்கள். கீழக்கரையில் படித்துவிட்டு துபாய் போனவர் நேரலையில் விழா பார்த்துச் சந்தோஷப்படலாம். அவரால் இங்கே நாற்காலி நிரம்பாதே!

அப்புறம் அந்த போஸ்டர். தாளாளர், செயலர், முதல்வர், துறைத் தலைவர் என்று வட்டத்துக்கு ஒரு முகம். தேதி மட்டும் அடியில், கடுகளவு. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து கலங்கிப் போகும். வெளியாட்கள் வரலாமா என்பது கடைசிவரை தெரியாது. ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் காணாமல் போகும். இன்ஸ்டாகிராமோ 2016 முதல், நமக்கு எது பிடிக்கும் என்று தானே கணக்குப் போட்டுத்தான் பதிவுகளை வரிசைப்படுத்துகிறது. வெள்ளிக்கிழமை விழாவை ஞாயிற்றுக்கிழமை காட்டினாலும் கேட்க முடியாது.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கடல்பாசி வளர்ப்புக் கண்காட்சி வைத்தோம். கல்லூரிப் பெயர் வேண்டாம், ஒரு மாதச் சம்பளம் இன்னும் வர வேண்டியிருக்கிறது. ரீல் போட்டோம், லைக் ஐந்நூறைத் தாண்டியது. காலை பத்தரை மணி வரை, பாசி எடுக்கிற ஒரு பெண்கூட வரவில்லை. முதலாமாண்டு வகுப்பை அப்படியே எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் குழுவுக்குக் காட்ட இடக்குறியோடு போட்டோவும் எடுத்தாயிற்று.

மத்தியானம், பாசி எடுக்கிற பெண்கள் இருக்கும் சின்னப்பாலம் ஊருக்குப் போனேன். கரையேறிய ஓர் அக்கா, விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறையில் பாசி பிடுங்கும்போது கை கிழியாமலிருக்கச் சுற்றுவது அது. "ஏன்க்கா வரல?" என்றேன். "ஏன் டீச்சர், அமாவாசைக்கு மறுநாள் வச்சா நாங்க எப்படி வருவோம்?" என்றார்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அவர்கள் பாசிக்குப் போவது. இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ரீலுக்குத் தெரியவில்லை. ஒருவர் நேரில் போய் "வர்றீங்களாக்கா?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தேதியை மாற்றியிருப்போம். கமெண்டில் சொல்லலாமே என்பார்கள் எதிரணியினர். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பவர் கமெண்ட் போடுவாரா, நடுவர் அவர்களே? பாம்பனிலேயே மீனவர்களுக்கென்று கடல் ஓசை 90.4 வானொலி ஒலிக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் நாலு பிள்ளைகள் தெருத்தெருவாகப் போனார்கள். அந்தப் பெண்கள் சொன்ன நாளில் வைத்தோம். அக்கா பத்துப் பதினைந்து பேரோடு வந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை. நேரே மேஜைக்குப் போய், தட்டில் வைத்திருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கஞ்சிப்பாசி இல்ல டீச்சர், மரிக்கொழுந்துப் பாசி. பேரை மாத்தி எழுதிட்டீங்க" என்றார். எங்கள் பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.