ஆறிப்போன காபி

எல்லாருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

பேசத் தொடங்குமுன் பின்வரிசையை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். வாசல் பக்கம் நாலு பேர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். ஒருத்தி வேப்பமரத்தடிக்கே போய்விட்டாள். தாய்மாரின் இளைப்பாறுதல் என்கிற இன்றைய தலைப்பை உங்களுக்காகத்தான் வைத்தார்களாம். இதில் பாதி உங்கள் காதில் விழப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் மூன்று பெற்றவள். ஏழெட்டு வருஷம் எந்தப் பிரசங்கத்திலும் முதல் பத்து நிமிஷத்தைத் தாண்டியதில்லை.

முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவள், ஆகவே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எனக்குப் பேச வரும். மத்தேயு 11:28. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." காலண்டரில், கதவு நிலையில், ஆட்டோ முதுகில் எல்லாம் இருக்கிற வசனம். 'வருத்தப்பட்டு' என்றால் என்ன என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டேன். 'சோகமா இருக்கிறது' என்றார்கள். இன்றைய தமிழுக்கு அது சரி. ஆனால் "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்று வள்ளுவர் சொல்கிறாரே, அங்கே சோகமா? உடம்பு படுகிற பாடு அது. நம் பழைய மொழிபெயர்ப்பிலும் அந்த வாசனைதான். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் உழைத்து உழைத்து ஓய்ந்துபோவதைக் குறிக்கும். பேதுரு "இராமுழுவதும்" வலை வீசியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் இடத்திலும் அதே சொல். ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு, விடிந்தபின் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பது என்னவென்று ஆறு மாதக் கைக்குழந்தைக்காரிக்கு யாரும் விளக்க வேண்டாம். சமாரியாக் கிணற்றடியில் இயேசு "இளைப்படைந்தவராய்" உட்கார்ந்தார் என்று யோவான் எழுதும் இடத்திலும் மூலத்தில் அதே சொல்தான். அவருக்கும் கால் வலித்திருக்கிறது.

அடுத்த சொல் இளைப்பாறுதல். இளைப்பு ஆறுவது. கொதித்த பால் ஆறுகிறதே, புண் ஆறுகிறதே, அந்த ஆறுதல். நம் வீடுகளில் ஆறுவது ஒன்றே ஒன்று: அம்மாவுக்கென்று ஊற்றி வைத்த காபி. அதை மூன்று தரம் சுட வைத்து, கடைசியில் தொட்டியில் கொட்டியவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், கையில் பிள்ளை இருக்கும்.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் மருந்து என்ன? "நாலரைக்கே எழுந்து ஜெபிம்மா, எல்லாம் லேசாகும்." தூக்கமில்லாதவளிடம் இன்னும் அரை மணித் தூக்கத்தைக் கேட்கிறோம்! ஆண்டவர் தீர்க்கதரிசி எலியாவிடம் அப்படிக் கேட்கவில்லை. அவன் சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று விழுந்து கிடக்கிறான், சாவு கேட்கிறான். தூதன் வந்து என்ன சொன்னான்? "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். தின்றான், குடித்தான், திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் அதற்கு முகம் சுளிக்கவில்லை. கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசினதெல்லாம் அதற்கப்புறம், நாற்பது நாள் கழித்து. சாப்பாடும் தூக்கமும் முந்திக்கொண்டன. (வாரக்கணக்கில் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, 'போதும்' என்று தோன்றுகிற தாய்மார் டாக்டரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் இது பலருக்கு வரும் நோய். விசுவாசக் குறைவென்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.)

எனக்கு அடை கொண்டுவந்த தூதன் என் அத்தை, அதாவது மாமியார். நடுப்பிள்ளைக்கு மூன்று மாசம். சாயங்காலம் ஆனால் வயிற்றை முறுக்கி அழுவான், விடியும்வரை தோள்தான் அவனுக்குக் கட்டில். ஒருநாள் விடியற்காலை அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டவள் அப்படியே கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். வேதப்புத்தகத்தில் எச்சில் ஒழுகிவிட்டது, சங்கீதம் 127 பக்கத்தில். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று இருக்கிறதே, அங்கே. கறை இன்னும் இருக்கிறது. அரைத் தூக்கத்தில் மாமாவின் குரல்: "குடும்ப ஜெபத்துக்கு அவளை எழுப்பலியா?" அத்தை சொன்னாள்: "உறங்கட்டும். அவளுக்கும் சேத்து நாம ஜெபிப்போம்." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்கு எழுந்தபோது தலைமாட்டில் மூடி வைத்த தட்டில் நாலு இட்லியும் சட்னியும் இருந்தன.

தாயின் இளைப்பு ஆற வேண்டுமென்றால் அவள் கையில் இருப்பதை இன்னொரு கை வாங்க வேண்டும். ஓய்வுநாள் கட்டளையைக் கவனித்திருக்கிறீர்களா? நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் உள்ள அந்நியன் என்று மாடுவரை பட்டியல் இருக்கிறது. மனைவி இல்லை! ஆண்டவர் மறந்துவிட்டாரா? அந்த 'நீ'யில் அவளும் உண்டு என்று வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். நமக்கோ ஞாயிறு என்றால் ஆராதனைக்கு முன்னே கறியைக் கழுவி வேக வைத்துவிட்டு ஓடி வருகிற நாள். 2019ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்கள் 97. அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களுடைய கணக்கு மட்டும். சபையின் அசன விருந்துக்கு ராத்திரி முழுக்க விழித்துக் காய் நறுக்கி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து ஊருக்கே பரிமாறுகிற அண்ணன்மார்களே, வீட்டில் நாலு பேருக்கு வடிக்கத் தெரியாதா?

நம் பக்கத்து டோனாவூரில் மிஷனெரியாக இருந்த எமி கார்மைக்கேல் அம்மையாரும் இதில் மாட்டிக்கொண்டவர்தான். மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர். 1901ல் முதல் பிள்ளை அடைக்கலம் தேடி வந்ததிலிருந்து அந்தப் பயணம் குறைந்துகொண்டே போனது. பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்று தமிழர் சொல்வார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். வெறும் ஆயா வேலைக்கா வந்தோம் என்று குழம்பியபோது, ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவினது ஞாபகம் வந்ததாம். பெறாத பிள்ளைகளுக்கு அம்மாவானார். ஆனால் அவரும் தனியாகச் சுமக்கவில்லை. பக்கத்தில் பிள்ளைகளை வளர்க்கக் கைகொடுத்த சித்திமார் இருந்தார்கள்.

இன்னும் ரெண்டு பக்கம் குறிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் வேப்பமரத்தடிப் பிள்ளை இப்போது வீறிட்டு அழுகிறது, எனக்கும் குரல் எட்டவில்லை. அம்மா, அவனை இப்படிக் கொடு. பயப்படாதே, மூன்று பேரைப் பார்த்த தோள் இது. நீ அந்த மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார். யாராவது அவளுக்குச் சூடாக ஒரு காபி கொண்டுவாருங்கள்.