தொட்டில் காலியானது தொற்றால் அல்ல

நடுவர் அவர்களே, வணக்கம். பெருந்தொற்று அதிகம் பாதித்தது வாழ்ந்துகொண்டிருந்தவர்களையா, பிறக்க வேண்டியவர்களையா என்பது தலைப்பு. வாழ்ந்துகொண்டிருந்தவர்களைத்தான் என்பது என் கட்சி. எதிரணி நண்பர் வந்தார், உலகமெங்கும் தொட்டில் காலியாகிவிட்டது, எல்லாம் கொரோனா செய்த வேலை என்று கண்ணீர் வரும்படி பேசிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. கணக்குதான் இடிக்கிறது.

ஒரு தொற்று பிறப்பை நேரடியாகக் குறைக்க வேண்டுமென்றால் அது பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களைத் தாக்க வேண்டும். 1918 இன்ஃப்ளுவென்சா அப்படித்தான் செய்தது. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்த திடகாத்திரமான ஆட்களை அள்ளிக்கொண்டு போனது, அமெரிக்காவில் மட்டும் சராசரி ஆயுள் ஒரே வருடத்தில் பத்து வருடத்துக்கு மேல் சரிந்தது. கொரோனாவோ ஆளைப் பார்த்து, வயதைக் கேட்டு அடித்தது. 2020, 2021 இரண்டு வருடங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் ஏறத்தாழ 1.49 கோடி என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். இவர்கள் இனிமேலா தொட்டில் கட்டப்போகிறார்கள்?

தென்கொரியாவைக் காட்டினார் நண்பர். ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 2023-ல் 0.72, உண்மைதான். ஆனால் 2015-ல் 1.24 ஆக இருந்தது 2019-லேயே 0.92-க்கு வந்துவிட்டதே, அப்போது எந்தக் கிருமி ஐயா இருந்தது? வீட்டு விலை, வேலை நேரம், பிள்ளையைப் படிக்கவைக்கும் செலவு, அத்தனை சுமையும் பெண் தலையில் என்ற நிலை, இதெல்லாம் தடுப்பூசி போட்டால் போகிற நோயா? அதே தொற்றின் நடுவே நார்வேயிலும் பின்லாந்திலும் 2021-ல் பிறப்பு கொஞ்சம் கூடியது, அதை ஏனோ அவர் சொல்லவில்லை, மறந்திருப்பார். சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் பல நாடுகளில் செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையை நிறுத்திவைத்தார்கள், நாற்பதை நெருங்கிய பெண்ணுக்கு அந்தச் சில மாதங்கள் சின்ன இழப்பு இல்லை. ஆனால் அதை வைத்து உலகத் தொட்டில் முழுவதையும் கணக்குப் போட முடியாது.

அடுத்து, ஆயுள்தான் மீண்டுவிட்டதே என்பார்கள். ஐ.நா. கணக்கில் 2019-ல் 72.6 ஆக இருந்த உலக சராசரி ஆயுள், தொற்றில் 70.9-க்கு இறங்கி, 2024-ல் 73.3-க்கு ஏறிவிட்டது. ஆனால் இந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? இந்த வருடம் எந்த வயதில் எவ்வளவு பேர் இறக்கிறார்களோ, அதே வேகம் வாழ்நாள் முழுக்க நீடித்தால் இன்று பிறக்கிற குழந்தை எத்தனை வருடம் வாழும் என்பதுதான் அது. போன வருடம் போனவர் இந்த வருடக் கணக்கில் கிடையாது. எண் மீளும், ஆள் மீள மாட்டார்.

சாகாமல் தப்பிய முதியவர்களையும் கொஞ்சம் பாருங்கள். முதியோர் இல்லத்து ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மகள் நிற்கிறாள், போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுகிறாள், மறதிநோய் வந்த அம்மாவுக்கு இந்தப் பெண் ஏன் உள்ளே வராமல் அங்கேயே நிற்கிறாள் என்று புரியவில்லை. நடமாட்டம் இல்லாமல் காலில் தெம்பு போனது, தள்ளிப்போன கண்புரை அறுவை, தள்ளிப்போன புற்றுநோய்ப் பரிசோதனை, இதெல்லாம் இறப்புப் பதிவேட்டில் ஏறாது. அப்புறம் நாள்பட்ட கோவிட், நாற்பது வயதுக்காரர் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முன்பு அரைமணியில் முடித்த வேலைக்கு அரைநாள் ஆகிறது. முதுமை அவருக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது.

எதிரணி குழந்தைகளைப் பற்றித்தானே உருகியது? 2021-ல் மட்டும் 2.5 கோடி குழந்தைகள், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றையும் தடுக்கிற முத்தடுப்பூசியில் ஒரு தவணையையாவது தவறவிட்டார்கள், அதில் 1.8 கோடிப் பேருக்கு முதல் ஊசியே போடவில்லை. இவர்கள் பிறந்துவிட்டவர்கள், நடுவர் அவர்களே. இவர்களை எந்தப் பக்கம் எழுதுவது என்று அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள், நன்றி, வணக்கம்.