வீட்டுப் பத்திரமும் விரல் நீள முத்திரையும்

வணக்கம். ஜப்பானில் வீடு வாங்குவது பற்றிப் பேச வரச் சொன்னார்கள். வட்டி எவ்வளவு, நிலநடுக்கம் வந்தால் தாங்குமா, ரயில் நிலையம் எத்தனை நிமிட நடை என்றெல்லாம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது முத்திரையைப் பற்றி. டோக்கியோவில் சொத்துப் பத்திர வேலைகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பணம் தயார், வங்கி தயார், பெயர் மட்டும் தயாராக இல்லை என்று நம்மவர்கள் வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஜப்பானில் இருப்பவர்களுக்கு ஹன்கோ தெரியும். சுண்டுவிரல் மாதிரி ஒரு குச்சி, முனையில் பெயர் செதுக்கியிருக்கும், சிவப்பு மையில் ஒற்றிக் குத்துவார்கள். பார்சல் வாங்கக் குத்துவது ஒன்று, வங்கிக்கென்று ஒன்று. மூன்றாவது ஜித்சுயின். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஜித்சுயினை மட்டும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் நகராட்சியிலோ வார்டு அலுவலகத்திலோ பதிந்து வைத்திருப்பீர்கள், அவ்வளவே வித்தியாசம். பதிந்தபின் சான்றிதழ் தருவார்கள். அதில் உங்கள் முத்திரையின் அச்சு, பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கும். இதை மனதில் வையுங்கள், மறுபடி சொல்வேன்: முத்திரையும் சான்றிதழும் சேர்ந்தால்தான் பலம்.

பணம் கைமாறும் நாளில் வாங்குபவர், விற்பவர், தரகர் எல்லோரும் வங்கியில் ஒரு சின்ன அறையில் உட்காருவோம். நடுவில் ஷிஹோ ஷோஷி என்கிற சட்டப் பத்திர எழுத்தர். நம்ம ஊர்ப் பத்திர எழுத்தரைப் போல, ஆனால் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர். நீங்கள் குத்திய தாளை அவர் முத்திரையின் நடுவில் சரியாக மடிப்பார். மடித்த ஓரத்தைச் சான்றிதழில் இருக்கும் அச்சின் மேல் வைப்பார். பாதி வட்டமும் பாதி வட்டமும் கோட்டுக்குக் கோடு சேர வேண்டும். அறையில் அப்போது யாரும் பேச மாட்டார்கள்.

யாருக்கு இது கட்டாயம்? விற்பவருக்குக் கட்டாயம். அவர் சான்றிதழ் வாங்கி 3 மாதத்துக்குள் இருக்கவும் வேண்டும். கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கும் அடமானப் பதிவுக்காகத் தேவை. முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் பதிவு அலுவலகத்துக்கு முகவரிச் சான்று கொடுத்தாலே போதும். அந்த மாதிரி ஆட்கள் என்னிடம் வருவது குறைவு.

சரி, பதிவது எப்படி? உங்கள் பெயர் அந்த ஊர்க் குடியிருப்போர் பதிவேட்டில் இருக்க வேண்டும், வயது 15 ஆகியிருக்க வேண்டும். 2012 ஜூலை 9 முதல் வெளிநாட்டவரும் ஜப்பானியரோடு அதே பதிவேட்டில்தான் இருக்கிறோம். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு இது கிடையாது. வசிப்பு அட்டையை, அதாவது ரெசிடென்ஸ் கார்டை, எடுத்துக்கொண்டு நேரில் போனால் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.

பெயர்தான் வம்பு. நண்பர் ஒருவர், மதுரைக்காரர். பெயர் வேண்டாம், நீளம் மட்டும் சொல்கிறேன்: ஆங்கிலத்தில் எழுதினால் 20 எழுத்தைத் தாண்டும். அலுவலகத் தோழர்கள் காசு சேர்த்து அவருக்கு முத்திரை பரிசளித்தார்கள். எருமைக் கொம்பு, 18 மில்லிமீட்டர், அவர் பெயர் ஒலிக்கு ஏறக்குறைய வரும்படி கான்ஜி எனப்படும் சீன எழுத்துகள் மூன்று. மனிதர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். வீடு பார்த்தாயிற்று, வார்டு அலுவலகம் போனோம். கவுன்ட்டரில் இருந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, “ரொம்ப அழகாக இருக்கிறது” என்றார். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்தார். 8 மில்லிமீட்டர் சதுரத்தைவிடப் பெரிது, 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குகிறது, நல்லது. விளிம்பு உடையவில்லை, அதுவும் நல்லது. பிறகு அதே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் இந்தப் பெயரில் யாரும் இல்லையாம்! “என் வங்கியில் ஒத்துக்கொண்டார்களே” என்றார் நண்பர். வங்கி ஒத்துக்கொள்ளலாம். இங்கே பதிவேட்டில் இருக்கும் பெயர்தான் பேசும்.

பதிவேட்டில் நம் பெயர் ரோமன் எழுத்தில், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி இருக்கும். முத்திரையில் முழுப் பெயரோ, குடும்பப் பெயர் மட்டுமோ, தன் பெயர் மட்டுமோ இருக்கலாம். கதகானா என்கிற ஜப்பானிய ஒலியெழுத்தில் வேண்டுமானால் முதலில் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் அந்தக் கதகானாவை ஏற்றச் சொல்ல வேண்டும். நண்பர் அப்படித்தான் செய்தார். ஆனால் எதைச் செதுக்குவது? நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்கும். அவருக்குத் தன் பெயர் வட்டத்துக்குள் அடங்கவில்லை, அப்பா பெயர் கச்சிதமாக அடங்கியது. ஆக, மதுரையை விட்டு நகராத அப்பா சைதாமாவில் ஒரு வீட்டுப் பத்திரம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறார். மனைவியும் பங்குதாரர். அவர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் கணவர் பெயர், அதாவது அடங்காத அந்தப் பெயர்! ஒரே முத்திரையை இரண்டு பேர் பதியவும் முடியாது. மனைவி தன் பெயரையே செதுக்கிக்கொண்டார், வேலை சுலபமாக முடிந்தது.

அதனால் செதுக்கும் கடைக்குப் போகும்முன் பதிவேட்டு நகலை வாங்கிப் பாருங்கள். மை உள்ளேயே இருக்கும் ஷாச்சிஹாத்தா வகையும் ரப்பரும் செல்லாது, அழுத்தினால் உருமாறும்.

அப்புறம், முத்திரையைப் பதிந்ததும் கையில் தரும் பதிவு அட்டை. நான் ஓயாமல் சொல்கிற விஷயம் இது. பெரும்பாலான ஊர்களில் அட்டையைக் கொண்டுபோய் உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதியைச் சரியாக எழுதிக் கொடுப்பவருக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். முத்திரையைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். முத்திரையையும் அட்டையையும் ஒரே டிராயரில் வைத்தால் திருடனுக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பலம் என்றேனே, யார் கையில் சேர்ந்தாலும் அப்படித்தான். சுத்தேயின் என்று தாளின் ஓரத்தில் சும்மா ஒன்று குத்தச் சொல்வார்கள். பின்னால் பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ள அது முன்கூட்டிய சம்மதம். ஷிஹோ ஷோஷி கேட்டால் குத்துங்கள், அது வழக்கம். கடன் பத்திரத்தில் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

“ஹன்கோவைத்தான் ஒழித்துவிட்டார்களே” என்பார்கள். 2020-இல் அமைச்சர் கோனோ தாரோ ஏறத்தாழ 15,000 அரசு நடைமுறைகளை எடுத்து முத்திரையை நீக்கச் சொன்னது உண்மை. மிஞ்சியவை 83. சொத்துப் பதிவு அந்த 83-இல் இருக்கிறது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஊர் திரும்பியபின் வீட்டை விற்பது பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானை விட்டுக் கிளம்பி, பதிவேட்டிலிருந்து முகவரியை நீக்கினால் முத்திரைப் பதிவும் போய்விடும். வேறு நகராட்சிக்குக் குடிபோனாலும் பழையது செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கையெழுத்துதான் வழி. வெளிநாட்டவர் முத்திரைக்குப் பதில் கையெழுத்துப் போடலாம் என்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம், கூடவே ஜப்பானிய மொழிபெயர்ப்பு. 2024 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவர் பெயரில் வீட்டைப் பதியும்போது ரோமன் எழுத்துப் பெயரும் சேர வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், ஜப்பானுக்குள் ஒரு தொடர்பாளர் பற்றிய விவரமும் பதிவில் ஏற வேண்டும். பிரமாணப் பத்திர வாசகத்தை ஷிஹோ ஷோஷியிடமே எழுதி வாங்கிக்கொண்டு நோட்டரியிடம் போங்கள், முதலில் நோட்டரியிடம் போகாதீர்கள். வணக்கம்.