எடிட்டரை முதலிலிருந்து வரைய வேண்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பைத்தானில் டெஸ்க்டாப் செயலி ஒன்றை எழுதி வரும் நேயர் ஒருவர், "செயலிக்குள் ஒரு எளிய டெக்ஸ்ட் எடிட்டர் வேண்டும், எழுத்துரு, நிறம், வரி எண் ஆகியவற்றைப் பயனரே மாற்றிக்கொள்ள வேண்டும், தமிழிலும் தட்டச்சு செய்ய வேண்டும். வெறும் விட்ஜெட்டில் (சாளரத்தில் இடம்பெறும் ஒரு கூறு) எழுத்துகளை நானே வரைந்து முதலிலிருந்து எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

கற்றுக்கொள்வதற்காக என்றால் தாராளமாக எழுதுங்கள். நாலு பேர் பயன்படுத்தப்போகும் செயலிக்கு என்றால் வேண்டாம். "கொ" என்ற ஓரெழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக வருகிறது, அதிலும் கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். குறியீடு குறியீடாக வரைந்துகொண்டு போகும் நிரலில் இது தானாக நடக்காது. அதைச் சரிசெய்த பிறகும் கர்சர் எழுத்தின் நடுவில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்வது, தட்டச்சு மென்பொருளோடு ஒத்துப்போவது, செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

ஆகவே சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் க்யூட் (Qt) நூலகத்தில் உள்ள கியூபிளெயின்டெக்ஸ்ட்எடிட் (QPlainTextEdit) என்ற எடிட்டர் வகுப்பிலிருந்து உங்கள் வகுப்பை வருவித்துக்கொள்ளுங்கள். க்யூட்டைப் பைத்தானோடு இணைக்கும் பைசைடு (PySide) வழியாகப் பைத்தானிலேயே அது கிடைக்கிறது. வரி எண்ணுக்கு எடிட்டருக்குள்ளேயே ஒரு சிறிய விட்ஜெட்டை வைத்து, அதன் அகலத்துக்கு வியூபோர்ட்டின், அதாவது உரை தெரியும் பகுதியின், இடப்பக்க ஓரத்தை ஒதுக்கினால் போதும். அந்த அகலத்தை நிலையாக எழுதிவிடாதீர்கள். கடைசி வரி எண்ணில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ அத்தனை இலக்கங்களின் அகலத்தைக் கணக்கிடுங்கள், இல்லையென்றால் 1000-ஆவது வரியில் எண் வெட்டுப்படும். எழுத்துருவும் நிறமும் அமைப்புக் கோப்பிலிருந்து படிக்கப்படட்டும், அதில் பெரிய வேலை இல்லை.

எடிட்டரில் திறக்கும் நிரலின் சொற்களுக்கு வகைவாரியாக நிறமூட்டுவதில்தான் நான் முதலில் சறுக்கினேன். உரை மாறும்போதெல்லாம் கர்சர் வழியாக ஒவ்வொரு சொல்லுக்கும் நிறத்தை ஏற்றினேன். அந்த நிறமும் ஒரு திருத்தமாகப் பதிவாகிவிட்டதால், கன்ட்ரோல் இசட் அழுத்தினால் கடைசியாக அடித்த சொல் போகாமல் நிறம் மட்டும் போனது. இதற்கென்றே க்யூட்டில் உள்ள கியூசின்டாக்ஸ்ஹைலைட்டர் (QSyntaxHighlighter) வகுப்பு அன்டூ வரலாற்றைத் தொடுவதில்லை, முழு ஆவணத்தையும் ஒவ்வொரு முறையும் அலசுவதுமில்லை. மாறிய வரியைத்தான் பார்க்கும். பல வரிகளுக்கு நீளும் குறிப்புரையாக (நிரலில் எழுதும் கமென்ட்) இருந்தால், வரியின் இறுதியில் அதன் நிலையை ஓர் எண்ணாக வைத்துவிட்டால், அடுத்த வரி அங்கிருந்து தொடரும்.

கர்சர் வரியின் எத்தனையாவது எழுத்தில் நிற்கிறது என்பதைக் கீழ்ப்பட்டையில் காட்டுவதாக இருந்தால் தமிழ் மறுபடியும் குறுக்கிடும். "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து. கர்சரின் நிலையை அப்படியே காட்டினால் 5 என்று வரும், பயனர் குழம்புவார். வரியின் தொடக்கத்திலிருந்து கர்சர் வரையுள்ள உரையை, எழுத்து எங்கே முடிகிறது என்று கண்டறியும் க்யூட் வகுப்பான கியூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டரிடம் (QTextBoundaryFinder) கொடுத்து, எழுத்து எல்லைகளை எண்ணிக் காட்டுங்கள்.

கோப்பு பெரிதாகும்போது என்ன ஆகும் என்றும் அவர் கேட்டிருக்கிறார். மைக்ரோசாஃப்டின் நிரல் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோடிலேயே, வெறும் 35 எம்பி அளவில் 1.37 கோடி வரிகள் கொண்ட ஒரு கோப்பைத் திறக்க முடியாமல் நினைவகம் தீர்ந்துபோயிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஒரு பொருளை உருவாக்கி வைத்திருந்தார்கள். 2018-இல் அந்த அமைப்பையே கைவிட்டு, மூல உரையைத் தொடாமல் திருத்தங்களைத் துண்டுகளாகக் குறித்துவைக்கும் மர அமைப்புக்கு மாறினார்கள். உங்கள் செயலியில் குறிப்புகளும் அமைப்புக் கோப்புகளும்தான் திறக்கப்படும் என்று எழுதியிருப்பதால், அந்த வேலையை இப்போது தொட வேண்டியதில்லை.