கோட்டுக்கு வடக்கே ஓர் ஊர்

அவையோருக்கு வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஃபரினா என்ற ஊரைப் பற்றி. தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து சாலைவழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் விலகிச் சமவெளி விரியத் தொடங்கும் இடம். லிண்ட்ஹர்ஸ்ட்டைத் தாண்டி 26 கிலோமீட்டர் போனால் வரும். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. சரளைக் கல்லும், வறட்சி தாங்கும் உப்புப்புதரும்தான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அருகிலுள்ள மலைகளின் அத்ன்யமதன்ஹா என்னும் பழங்குடி மக்கள், ஊற்று எங்கே, எந்த ஓடையில் எதுவரை தண்ணீர் நிற்கும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தவர்கள். அந்தப் பூமியில் கோதுமை விதைக்கலாம் என்று கிளம்பியவர்கள் ஐரோப்பியக் குடியேறிகள்.

1878இல் ஊருக்கு மனை அளந்தார்கள். கால் ஏக்கர் வீதம் 400க்கும் மேற்பட்ட மனைகள்! 'கவர்ன்மென்ட் கம்ஸ்' என்று வழங்கிய இடத்துக்கு, மாவு என்று பொருள்படும் ஃபரினா என்ற லத்தீன் பெயரையும் சூட்டினார்கள். மழை பொய்க்கும் நாட்டில் இவ்வளவு துணிச்சல் எப்படி வந்தது? அதற்கு ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவையாளரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1857இல் கோய்டர் இந்த வடபகுதிக்கு வந்தபோது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அங்கே ஓர் ஏரியில் நன்னீர், கரையெல்லாம் பசுமை. பார்த்ததை அப்படியே நம்பி, வளமான பூமி என்று அரசுக்கு எழுதிவிட்டார். சில மாதங்கள் கழித்து அவருடைய மேலதிகாரி ஃப்ரீலிங் நேரில் போய்ப் பார்த்தால், ஏரியில் படகு விடக்கூடத் தண்ணீர் இல்லை, சேறுதான். கோய்டர் எழுதிய பசுமையில் ஒரு பங்கு கானல். என் கணிப்பில் கோய்டரைப் பெரிய மனிதராக்கியது அந்தத் தோல்விதான். ஒரு நல்ல வருஷத்தை வைத்து ஒரு பூமியை எடைபோடக் கூடாது என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார்.

1861இல் அவரே தலைமை நில அளவையாளர் ஆனார். 1863 முதல் 1865 வரை கடும் வறட்சி. பண்ணைகளில் ஆடுகள் கும்பல் கும்பலாகச் செத்தன. குத்தகையில் சலுகை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, வறட்சியின் எல்லையைக் குறித்து வரும்படி அரசு அவரை அனுப்பியது. குதிரைமேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றினார். அந்தப் பகுதிகளில் போதிய மழைமானிகள் இல்லாத காலம். அவர் செடிகொடிகளைப் பார்த்தார். மல்லி என்னும் குட்டை யூகலிப்டஸ் புதர்கள் எங்கே முடிகின்றன, உப்புப்புதர் எங்கே தொடங்குகிறது என்று கவனித்துக் கோடு போட்டார். பின்னாளில் மழைக்கணக்கை வைத்துப் பார்த்தபோது, அந்தக் கோடு ஆண்டுக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிமீட்டர் மழை பெய்யும் எல்லையோடு பெரிதும் ஒத்துப்போனது. ஒரு செடி ஓரிடத்தில் வேரூன்றி நிற்கிறது என்றால் எத்தனையோ வறட்சிகளைத் தாண்டித்தான் நிற்கிறது. அதைப் படிக்கத் தெரிந்ததே அவருடைய கெட்டிக்காரத்தனம்.

கோட்டுக்கு வடக்கே ஆடுமாடு மேய்ச்சல் மட்டும், பயிர் வேண்டாம் என்பதை 1872இல் சட்டத்திலும் சேர்த்தார்கள். ஆனால் எழுபதுகளில் வானம் கொட்டிக் கொடுத்தது. 'நிலத்தை உழுதால் மழை தானாகப் பின்னால் வரும்' என்ற நம்பிக்கை பரவியது. நிலம் கேட்டு நெருக்கடி. 1874இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். கோய்டர் பதவியில் இருக்கும்போதே அவர் போட்ட கோட்டை மிதித்துக்கொண்டு வண்டிகள் வடக்கே போயின. ஃபரினா அந்தக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே!

1880இல் வறட்சி திரும்பியது. கடன் வாங்கி வேலி போட்டவர்கள், கல் சுமந்து வீடு கட்டியவர்கள், ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். குவார்ன், ஹாக்கர் என்ற ஊர்களுக்கு இடையே கோர்டன், வில்சன் என்ற ஊர்களின் இடிபாடுகளைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். அந்த விவசாயிகளை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோய்டர் போட்ட கோட்டினை அழித்தது அவர்கள் அல்ல, சட்டமன்றம்.

ஃபரினாவைக் காப்பாற்றியது ரயில். 1882இல் தண்டவாளம் வந்தது. இரண்டு ஆண்டுகள் அதுவே பாதையின் கடைசி நிலையம். 1884இல் பாதை இன்னும் வடக்கே மரீ என்ற ஊருக்கு நீண்டது. கால்நடையும் கம்பளியும் அங்கே ரயிலேறின. ரயில் போகாத பண்ணைகளுக்குச் சரக்குக் கொண்டுபோனவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்த முஸ்லிம்கள். ஊர் இடுகாட்டில் அவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. உச்சத்தில் சுமார் 600 பேர் குடியிருந்தார்கள். ட்ரான்ஸ்கான்டினென்டல், எக்ஸ்சேஞ்ச் என்று இரண்டு ஹோட்டல்கள், பள்ளிக்கூடம், வங்கி, கொல்லர் பட்டறைகள் எல்லாம் இருந்தன. பிறகு ஊர் மெல்லத் தேய்ந்தது. 1980இல், நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பழைய பாதைக்கு வெகு மேற்கே புதிய ரயில் பாதை திறந்ததும் பழைய பாதைக்கு வேலை இல்லாமல் போனது.

இன்று போனால் கூரையில்லாத கல்சுவர்களைப் பார்க்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேலை நடக்கிறது: நிலத்துக்கடியில் கட்டிய பழைய ரொட்டி அடுமனை. படியிறங்கிப் போனால் உள்ளே பெரிய விறகு அடுப்பு. குளிர்காலத்தில் சில வாரங்கள் தன்னார்வலர்கள் முகாமிட்டு, அடுப்பு மூட்டி ரொட்டி சுடுகிறார்கள். விற்ற பணம் சுவர்களைத் தாங்கி நிறுத்தும் வேலைக்குப் போகிறது. அவர்கள் பிசையும் மாவு தெற்கேயிருந்து வண்டியில் வருவது.

கோய்டரின் கோட்டினைக் காட்டும் பலகைகள் இன்றும் நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்கின்றன. வெப்பம் ஏறி மழை குறைந்தால் அந்த எல்லை தெற்கே நகரும் என்று தெற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். 1865இல் கோட்டுக்குத் தெற்கே பத்திரமாக இருந்த கோதுமை வயல்கள் சிலவற்றில், இனி என்ன விதைப்பது என்ற கேள்வி வந்துவிட்டது.